கைலித் துணியில குழந்தை ஸ்லிங்: தோள்பட்டை வலிக்காம எப்படி தைக்கிறது?

காட்பாடி_மம்மி
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணுக்கு அஞ்சு மாசம் முடிஞ்சிடுச்சு, ஏழு கிலோ இருக்கா, கீழ விட்டா ஒரே அழுகை. ஆன்லைன்ல பெல்ட் வெச்ச கேரியர் ஒன்னு வாங்கினோம், உள்ள ஃபோம் வெச்சு தடியா இருக்கு, நம்ம ஊரு வெயிலுக்கு அத மாட்டிக்கினு கொஞ்ச நேரம் நின்னா அவ முதுகுலயும் என் வயித்துலயும் வேர்த்து ஊத்துது, அவளுக்கு கழுத்தெல்லாம் வேர்க்குரு. அப்பால பக்கத்து வீட்டு அக்கா ஒரு கைலிய ரெண்டு முனையும் சேத்து தச்சி வளையமா குடுத்தாங்க, தோள்ல மாட்டி குழந்தைய உள்ள வெச்சிக்கலாம். காத்தோட்டமா இருக்கு, அவளும் தூங்கிடுறா, ஆனா எனக்கு கழுத்தோரம் அறுக்குது, சாயந்திரம் ஆனா ஒரு பக்கம் தோள்பட்டையே தூக்க முடியல. தோள் வர்ற எடத்துல பஞ்சு வெச்சு தச்சா சரியாகுமா? இல்ல டிசைனையே மாத்தணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொணவட்டம்_தம்பி
இதுக்கெல்லாம் டிசைனா க்கா 😄 எங்க ஆயா அஞ்சு புள்ளைங்கள பழைய புடவைலயே கட்டி வளத்துச்சி. வீட்டுல ஏணை கட்டு, வெளிய போனா இடுப்புல தூக்கு. முடிஞ்சிது.

காட்பாடி_மம்மி
தம்பி உங்க ஆயாவுக்கு அஞ்சாவது புள்ள பொறந்தப்ப மொத புள்ளைக்கு பத்து வயசு இருக்கும், தூக்கிக்க ஆளு இருந்திருக்கும். இங்க பகல்ல நானும் அவளும் மட்டும்தான், குக்கர் விசில் எண்றதுக்கும் ஆளில்ல.

வாலாஜா_டெய்லர்
பஞ்சு வெக்காதம்மா. அது முதல் நாள் நல்லா இருக்கும், ரெண்டு தடவ தொவைச்சா ஒரு பக்கமா ஒதுங்கி கட்டியாயிடும், சூடும் பிடிக்கும். வலிக்கு காரணம் துணி மெல்லிசா இருக்கறதில்ல, துணி விரியாம இருக்கறதுதான். நீங்க மாட்டுறப்ப அந்த கைலி தோள்ல எப்படி நிக்குதுன்னு கண்ணாடில பாருங்க, கயிறா சுருண்டு கழுத்துகிட்ட ஏறியிருக்கும். ஏழு கிலோவும் ரெண்டு விரல் அகலத்துல இறங்குனா வலிக்காம என்ன செய்யும்.

இன்னொன்னு, தச்ச வளையத்துக்கு ஒரே அளவு. காலைல சுடிதார்ல சரியா இருந்தது சாயந்திரம் நைட்டில தொளதொளன்னு ஆயிடும், அதையே உங்க வீட்டுக்காரர் போட்டா பத்தாது. அளவு மாத்திக்கற மாதிரி இருக்கணும். அதுக்குத்தான் ரெண்டு ரிங்கு வெக்கிற மாடல். துணியோட ஒரு முனைய ரெண்டு ரிங்குலயும் சேத்து மடிச்சி தச்சிடணும், மறுமுனை முதுகு சுத்தி, எதிர் கை அடில வந்து, குழந்தை மேல ஏறி, ரெண்டு ரிங்குக்குள்ளயும் போயி ஒரு ரிங்கு மேல திரும்பி வந்து நடுவுல இறங்கும். குழந்தை கனமே துணிய ரிங்குக்கு நடுவுல அமுக்கிப் பிடிச்சிக்கும், முடிச்சே வேணாம். 1981ல ஹவாயில ரேனர் கார்னர்ன்னு ஒருத்தர் செஞ்ச யோசனைன்னு படிச்சேன், அப்பறம் வில்லியம் சியர்ஸ்ன்ற குழந்தை டாக்டர்தான் அத அமெரிக்கா பூரா பரப்புனாரு.

தோள்பட்டை தையல்லதான் விஷயமே இருக்கு. துணிய அப்படியே சுருக்கி ரிங்குல தச்சா தோள் முழுக்க விரியும், கை மூட்டு வரைக்கும் குல்லா போட்ட மாதிரி மூடும், கனம் நல்லா பரவும், ஆனா கைய மேல தூக்க கொஞ்சம் இடைஞ்சல். கொசுவம் வெச்சு தச்சா ஒழுங்கா குறுகலா நிக்கும், கைக்கு சுதந்திரம், ஆனா சின்ன தோளு இருக்கறவங்களுக்கு மடிப்பு அழுத்தும். நான் ரெண்டுத்தையும் கலந்து தைக்கிறேன், ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு ரெண்டு கொசுவம், நடுவுல சுருக்கு. எந்த மாடலா இருந்தாலும் ரிங்கு காறை எலும்புக்கு கொஞ்சம் கீழ நிக்கணும். நெஞ்சுக்கு இறங்கிடுச்சின்னா இறுக்க எடம் இருக்காது.

குடியாத்தம்_தறி
கைலின்னதும் உள்ள வந்துட்டேன், எங்க வீட்ல இன்னும் ரெண்டு தறி ஓடுது.

கடைல கெடைக்கற எல்லா கைலியும் இதுக்கு ஆகாது. நூல் நம்பர் ஏற ஏற நூல் சன்னமாவும், நூறாம் நம்பர் கைலி கட்டிக்க சுகமா இருக்கும், புள்ளைய தூக்குனா தோள்ல கத்தி. நாப்பதாம் நம்பர் நூல்ல நல்லா நெருக்கி அடிச்சது கேளுங்க, கைல பிடிச்சா கொஞ்சம் கனமா தெரியும். ரெண்டு முனையும் சேத்து தைக்காத, அதான் மூட்டாத கைலியா வாங்குங்க. ரெண்டு மீட்டர் நீளம் நடுத்தர உடம்புக்கு போதும், கொஞ்சம் பெரிய ஆளுன்னா தறிலயே ரெண்டே கால் மீட்டரா அறுத்துத் தரச் சொல்லலாம், பாவு, அதான் தறில நீளவாக்குல ஏத்தின நூலு, ஓடிக்கினுதான இருக்கு, நமக்கு அதுல ஒன்னும் கஷ்டமில்ல.

வெட்டும்போது பாவு நூல் நீளவாக்குல வர்ற மாதிரியே வெட்டணும். பாவும் இழுபடாது, குறுக்கால போற ஊடையும் இழுபடாது, ஆனா மூலைவாக்குல இழுத்துப் பாருங்க, துணி குடுக்கும். அந்த குடுக்கறதுதான் புள்ள உக்கார்ற எடத்துல குழி விழுந்து வசதியா ஏந்திக்கும். மொத்த துணியையும் மூலைவாக்குல கிராஸா வெட்டிட்டீங்கன்னா அரை மணி நேரத்துல புள்ள தொப்புளுக்கு இறங்கிடும்.

புதுக் கைலில கஞ்சி இருக்கும். மூணு நாலு தடவ அலசி, சுருங்க வேண்டியது சுருங்கினப்பறம்தான் கத்திரி வெக்கணும். சாயமும் பாருங்க, ஈரத்தோட வெள்ளைத் துணிய வெச்சு அழுத்தித் தேய்ங்க, கலர் ஒட்டுச்சின்னா அத உங்க வீட்டுக்காரருக்கு கட்ட குடுத்துடுங்க. இந்த வயசுல புள்ளைங்க ஓரத்த வாய்ல போட்டு சப்பிக்கினே இருக்கும்.

ஆம்பூர்_அப்பா
நான் ஷூ கம்பெனில இருக்கேன், தையல் பத்தி மட்டும் சொல்றேன். கனம் தாங்கற எடத்துல காட்டன் நூல் போடாதீங்க, வேர்வைலயும் தொவைக்கிறதுலயும் இத்துப் போயிடும். பாலியஸ்டர் நூல், பதினாறாம் நம்பர் ஊசி, தையல் ரொம்ப பொடியா வேணாம், பொடியா அடிச்சா ஊசி ஓட்டையே துணிய கிழிக்கற கோடு ஆயிடும். ரிங்கு மடிப்புல மூணு வரிசை, ஒவ்வொன்னுக்கும் நடுவுல விரக்கடை இடம் விட்டு. ரிங்கு தோல்ல உரசுற எடத்துக்கு மெல்லிசா ஒரு லெதர் பேட்ச் வெச்சா இன்னும் நல்லா இருக்கும், எங்கிட்ட வெட்டுப் பீஸ் நெறைய கெடக்கு.

வாலாஜா_டெய்லர்
லெதர் மட்டும் வேணாம் தலைவா. கொழந்த வாய் போற எடம் அது, குரோமியம் போட்டு பதப்படுத்தின தோல அதுங்கிட்ட ஏன் கொண்டு போவணும், தொவைச்சாலும் வெறைச்சிடும். அந்த எடத்துல அதே துணி ஒரு மடிப்பு கூட வெச்சா போதும்.

ஆம்பூர்_அப்பா
அதுவும் சரிதான், வாபஸ் 🙏 ஊசி நூல் கணக்கு மட்டும் எடுத்துக்கோங்க.

பிசியோ_சத்துவாச்சாரி
டெய்லர் அண்ணா சொன்னது உடம்புக் கணக்குலயும் சரி. கழுத்துலருந்து தோளுக்கு போற தசைமேல குறுகலா கனம் விழுந்தா அது நாள் முழுக்க இறுகியே நிக்கும், அதான் சாயந்திரம் கைய தூக்க முடியல. துணி தோள் மூட்டு மேல உக்காரணும், பின்னாடி ரெண்டு தோள்பட்டை எலும்புக்கு நடுவுல சுருண்டு நிக்காம முதுகு பூரா விரிஞ்சு குறுக்கா இறங்கணும். முதுகுல விரிச்சி விடறத பாதிப் பேரு மறந்துடுறாங்க, முன்னாடி மட்டும் சரி பண்ணிக்கினு வலிக்குதும்பாங்க.

அடுத்தது உயரம். குழந்தை எவ்ளோ கீழ தொங்குதோ அவ்ளோ உங்க உடம்ப விட்டு வெளிய தள்ளி நிக்கும், அத சமாளிக்க நீங்க இடுப்ப முன்னாடி தள்ளி முதுக வளைப்பீங்க. தலை குனிஞ்சா குழந்தை உச்சந்தலைல முத்தம் குடுக்கற உயரத்துல இருந்தா அதே ஏழு கிலோ பாதியா தெரியும். ஒரே தோள்ல எப்பவும் போடாதீங்க, இன்னைக்கு வலதுன்னா நாளைக்கு இடது.

இப்ப முக்கியமான ஒன்னு. உங்க பழைய வளையத்துல குழந்தைய படுக்க வெச்சீங்களா உக்கார வெச்சீங்களா? பை மாதிரி ஸ்லிங்ல படுக்க வெச்சா முதுகு வளைஞ்சு தாடை நெஞ்சுல போயி ஒட்டும், மூச்சுக்குழாய் மடங்கும், சத்தமே வராது. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு கமிஷன் 2010 மார்ச்சுல இதுக்காகவே எச்சரிக்கை விட்டுச்சு, முக்கியமா நாலு மாசத்துக்கு கீழ உள்ள குழந்தைங்களுக்கு, ஏன்னா அதுங்களுக்கு கழுத்த நிமித்திக்க பலம் இருக்காது. நேரா நிமிர்த்தி, வயிறு உங்க மேல ஒட்டி, முகம் எப்பவும் உங்க கண்ணுல பட்டுக்கினு, தாடைக்கு அடில ரெண்டு விரல் நுழையற மாதிரி இருக்கணும். துணி முகத்து மேல வரவே கூடாது, வெயிலுக்கு மூடுறேன்னு கூட.

காலு நேரா தொங்கக் கூடாது. முழங்கால் ரெண்டும் குண்டிய விட உயரமா, தவளை மாதிரி மடங்கி விரிஞ்சு இருக்கணும், துணி ஒரு முழங்கால் மடிப்புலருந்து அடுத்த முழங்கால் மடிப்பு வரைக்கும் தாங்கணும். முதல் ஆறு மாசத்துல இடுப்பு மூட்டு இன்னும் கெட்டிப்படாம இருக்கும். தலைகீழா, அதாவது குண்டி முன்னாடி வந்து பொறந்த குழந்தைங்க, குடும்பத்துல யாருக்காவது இடுப்பு நழுவல் இருந்தவங்க, இவங்க டாக்டர்கிட்ட இடுப்ப ஒருதரம் காட்டிட்டு ஆரம்பிங்க.

காட்பாடி_மம்மி
ஐயோ மேடம், படுக்க வெச்சுதான் தூக்கினேன், தூங்கறா தூங்கறான்னு சந்தோஷமா இருந்தேன். அந்த வளையத்த இன்னைக்கே பிரிச்சிடுறேன்.

டெய்லர் அண்ணா, ரிங்குக்கு லாங் பஜார்ல ஹார்டுவேர் கடைல கேட்டேன், பைக்கு வெக்கிற ரிங்கு, கர்ட்டன் ரிங்கு, மாட்டுக் கயித்துக்கு போடற இரும்பு வளையம் எல்லாம் இருக்குன்னாங்க. எது?

வாலாஜா_டெய்லர்
எதுவுமே வேணாம். அந்த இரும்பு வளையம் கம்பிய வளைச்சி பத்த வெச்சது, வெல்டிங் வெச்ச எடத்துல துணிய அரிக்கும், என்னைக்கோ ஒரு நாள் விட்டும் போவும். கர்ட்டன் ரிங்கு பிளாஸ்டிக் ஒரு இழுப்புக்கு வராது. ஸ்லிங்குக்குன்னே இணைப்பு இல்லாத அலுமினிய ரிங்கு வருது, ஆன்லைன்ல ஸ்லிங் ரிங்குன்னு தேடுங்க. கைலி மாதிரி துணிக்கு மூணு இஞ்சு, ரெண்டும் ஒரே அளவா ஒரே தடிப்பா இருக்கணும், விரல்ல சுத்தித் தடவிப் பாத்து பிசிறு எதுவும் இல்லன்னா வாங்குங்க.

தச்சி முடிச்சதும் குழந்தைய வெச்சிடாதீங்க. பத்து கிலோ அரிசி மூட்டைய அதுல போட்டு கதவு மேல இல்லன்னா ஏணை கொக்கில ராத்திரி பூரா தொங்க விடுங்க, காலைல தையல்ல ஒரு நூலாவது விட்டிருக்கா, துணி ரிங்குல எவ்ளோ நழுவியிருக்குன்னு பாருங்க.

போளூர்_அக்கா
நாங்க சின்னப் பொண்ணா இருந்தப்ப அம்மா மல்லாட்டை புடுங்கப் போவாங்க, தம்பிய இடுப்புல உக்கார வெச்சி முந்தானையாலயே சுத்தி சொருவிப்பாங்க, ரெண்டு கையும் வேலைக்கு. நரிக்குறவப் பொம்பளைங்க துணிய ஒரு தோள்ல குறுக்கா கட்டி புள்ளைய பக்கவாட்டுல வெச்சிக்கினு பஸ் ஸ்டாண்டு பூரா நடப்பாங்களே, அவங்க புள்ள எப்பவும் உசரமா இறுக்கமாத்தான் இருக்கும், தொங்கி நான் பாத்ததில்ல. ரிங்கு இல்லாமலே தோள்கிட்ட முடிச்சு போட்டாலும் வேலை நடக்கும்னு சொல்ல வரேன். அஞ்சு மாசம் முடிஞ்சி தலை நின்னுடுச்சின்னா இடுப்புல பக்கவாட்டுல வெக்கலாம்ல பிசியோ மேடம்?

பிசியோ_சத்துவாச்சாரி
தலை நல்லா நின்னா தாராளமா. பக்கவாட்டுல வெச்சா நீங்க முன்னாடி பாத்து வேலை செய்யவும் முடியும். ஆனா அடுப்பு கிட்ட போட்டுக்கினு நிக்காதீங்க, எண்ணெய் தாளிக்கறப்ப கண்டிப்பா கழட்டிடுங்க. முடிச்சும் தப்பில்ல, அவுத்து அவுத்து இறுக்கற பொறுமை இருக்கறவங்களுக்கு.

வாலாஜா_டெய்லர்
முடிச்சு சுருளும்க்கா, அந்த முடிச்சே தோள்ல குத்தும். எனக்கு ரிங்குதான்.

போளூர்_அக்கா
எங்கம்மா தோளு இன்னைக்கும் நல்லாத்தான் இருக்கு தம்பி 😌

கொணவட்டம்_தம்பி
ஒரு டவுட்டு. இத போட்டுக்கினு வண்டில போலாமா? எங்க அண்ணி ஸ்கூட்டில பின்னாடி உக்காந்து புள்ளைய துப்பட்டால கட்டிக்கினு வருது.

ஆம்பூர்_அப்பா
வேணவே வேணாம் தம்பி. ஸ்லிங் நடக்கறதுக்கு, விழுந்தா தாங்கறதுக்கு செஞ்சதில்ல. 2022ல மத்திய அரசு மோட்டார் வாகன விதிய திருத்தினாங்க, ஒம்பது மாசத்துலருந்து நாலு வயசு வரைக்கும் டூவீலர்ல கூட்டிக்கினு போனா ஓட்டறவரோட சேத்து மாட்டற பாதுகாப்பு பெல்ட், குழந்தைக்கு ஹெல்மெட், நாப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக் கூடாதுன்னு, 2023 பிப்ரவரி 15லருந்து அமல். அந்த பெல்ட்டே நைலான்ல, ஃபோம் வெச்சு, முப்பது கிலோ தாங்கற மாதிரி இருக்கணும்னு விதில இருக்கு. கைலி அந்தக் கணக்குலயே வராது. ஒம்பது மாசத்துக்கு கீழன்னா வண்டியே வேணாம், ஆட்டோ புடிங்க.

குடியாத்தம்_தறி
மம்மி, இன்னொரு யோசனை சொல்ல மறந்துட்டேன், இதுக்காகத்தான் கட்டம் போட்ட கைலிய எடுக்கச் சொல்றேன். ஒத்தக் கலர் துணில எந்த ஓரத்த இழுக்கறோம்னு தெரியாம ரிங்குலருந்து தொங்கற மொத்த வாலையும் பிடிச்சி இழுப்பாங்க, ரிங்கு அடைச்சிக்கும். கட்டம் போட்டதுல மேல் ஓரம் ஒரு கலரு, கீழ் ஓரம் வேற கலரு வர்ற மாதிரி வெட்டிக்கோங்க. புள்ள கழுத்துகிட்ட தொளதொளன்னு இருந்தா மேல் கலர மட்டும் இழு, காலுகிட்ட தொங்குனா கீழ் கலர. நடுவுல இருக்கற கோடு முறுக்காம நேரா ரிங்குக்குள்ள போவுதான்னும் பாத்த உடனே தெரிஞ்சிடும். முழு அகலமும் வேணாம், எழுவது எழுவத்தஞ்சு சென்டிமீட்டர் போதும், அதுக்கு மேல போனா ரிங்குல திணிஞ்சி நகராது. ஒரு பக்கம் தறிக் கரை அப்படியே வரட்டும், அத முழங்கால் பக்கம் வெச்சிக்கோங்க, மடிச்சி தச்ச ஓரத்த விட கரை தட்டையா இருக்கும், தொடைல தடம் விழாது.

காட்பாடி_மம்மி
தச்சாச்சு! குடியாத்தம் அண்ணன் சொன்ன மாதிரி நாப்பது நம்பர், மேல பச்சை கீழ மெரூன். தோள்ல டெய்லர் அண்ணனோட கலப்பு மாடல். அரிசி மூட்டை பரீட்சைல பாஸு, என் மாமியார்தான் ஏன்டி அரிசிய ஏணைல போட்டு ஆட்டுறன்னு கேட்டாங்க 😂 கழுத்து அறுக்கல, முதுகுல விரிச்சி விட்டதும் நெஜமாவே பாதி கனம் போயிடுச்சு, நேத்து பாகாயம் வரைக்கும் பஸ்ல போயிட்டு வந்தேன். வெயிலுக்கு அவளுக்கு ஒரு மெல்லிசு ஜட்டி மட்டும்தான், துணியே ஒரு சட்டை கணக்குன்னு விட்டுட்டேன்.

ஒரே பிரச்சினை, கொஞ்ச நேரத்துல அவ கால நீட்டி ஒதைக்கறா, அடில துணி வெளிய வந்துடுது, அவ நழுவுறா. எவ்ளோ இறுக்கினாலும் அதேதான்.

பிசியோ_சத்துவாச்சாரி
இறுக்கறதால நிக்காது, அடில துணி பத்தல. உக்கார வெச்ச ஒடனே கீழ் ஓரத்த, உங்க மெரூன, அவ குண்டிக்கு அடில இழுத்து அவளுக்கும் உங்க வயித்துக்கும் நடுவுல ஒரு சாண் மேல வரைக்கும் ஏத்தி விடுங்க. அப்பறம் ரெண்டு முழங்காலையும் கைல பிடிச்சி மேல தூக்கி, குண்டி அந்தக் குழிக்குள்ள இறங்கறத உணர்ந்துட்டு, கடைசியாத்தான் மெரூன் ஓரத்த இறுக்கணும். முதல்லயே இறுக்கிட்டா குழி விழாது. நின்னு ஒதைக்க தரை மாதிரி துணி இருந்தா ஒதைக்கத்தான் செய்வா. பழகற வரைக்கும் ஒரு கை அவ அடிலயே இருக்கட்டும், கட்டில் பக்கத்துல நின்னு பழகுங்க.

போளூர்_அக்கா
மத்தியான வெயில்ல வெளிய போகாதம்மா, ரெண்டு உடம்பு ஒட்டிக்கினு இருந்தா சூடு ஏறத்தான் செய்யும். அடிக்கடி பால் குடு, ஆறு மாசம் ஆகற வரைக்கும் தண்ணி கூட வேணாம்னு எங்க நர்ஸம்மா சொல்லுவாங்க. என் தங்கச்சி புள்ள எடை கம்மியா பொறந்தப்ப ஆஸ்பத்திரில இப்படித்தான் துணி போட்டு நெஞ்சோட நெஞ்சா கட்டி விட்டாங்க, கங்காரு பராமரிப்புன்னு பேரு, 1978ல கொலம்பியா நாட்டுல இன்குபேட்டர் பத்தாம ஆரம்பிச்சதாம். ஆனா அது வேற கதை, அதுக்கு நர்சு சொல்ற மாதிரிதான் கட்டணும், இந்த ரிங்கு கைலிய அதுக்கு எடுத்துக்கினு போயிடாதீங்க யாரும்.

காட்பாடி_மம்மி
மேடம் வேலை செய்யுது!! மெரூன கடைசியா இறுக்கினேன், அரை மணி நேரமா ஒதைக்கவே இல்ல, தூங்கிட்டா, தாடைக்கு அடில ரெண்டு விரல் போவுது. வாலு மட்டும் முழங்கால் வரைக்கும் தொங்குது, வெட்டிடலாமா?

வாலாஜா_டெய்லர்
வெட்டாதீங்க, உங்க வீட்டுக்காரர் போட்டா அந்த நீளம் வேணும். வெட்டுனப்ப மிச்சம் வந்த துணில வால் முனைல ஒரு பாக்கெட் தச்சிடுங்க, கைக்குட்டை, பஸ் டிக்கெட் போட்டுக்க. போன் வெக்காதீங்க, நடக்கறப்ப ஆடி முழங்கால்ல இடிக்கும்.

கொணவட்டம்_தம்பி
குடியாத்தம் ணா, மூட்டாத நாப்பது நம்பர் கட்டம் ஒன்னு எங்க அண்ணிக்கு வேணும். நீலம் செவப்பு இருக்கா?

குடியாத்தம்_தறி
இன்னாடா தம்பி, ஆயா புடவை இன்னா ஆச்சு? நீலம் இருக்கு, செவப்பு சாயம் இந்த பாவுல கொஞ்சம் விடுது, அத தர மாட்டேன். அடுத்த பாவு ஏத்தினதும் சொல்றேன், அண்ணி உசரம் எவ்ளோன்னு கேட்டு வை.